பீனியா பட்டறைக்கு 6 கோடி: கடனா, பங்கா?

2022 மார்ச் முதல் 2025 வரை பெங்களூரில் ஒரு சிறு நிறுவனத்தில் நடந்ததன் பதிவு இது. பணம் திரட்டும் வேலையில் ஆலோசகனாக நான் உடனிருந்தேன். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். தொகைகள் ஏறத்தாழ முழுமையாக்கப்பட்டவை.

பின்னணி

நிறுவனர் தருமபுரிப் பக்கத்துக்காரர். 1980களின் நடுவில் பெங்களூருக்கு வந்தபோது ஸ்ரீராமபுரத்தில் அக்கா வீட்டில்தான் தங்கினார். அக்காவின் கணவர் மில் தொழிலாளி. லேத் வேலை பழகி, பிறர் பட்டறைகளில் பல ஆண்டுகள் உழைத்து, பெங்களூரின் தொழிற்பேட்டைப் பகுதியான பீனியாவில் ஒரு வாடகை ஷெட்டில் இரண்டு பழைய இயந்திரங்களோடு சொந்தத் தொழில் தொடங்கினார். 2021-22இல் அது 41 பேர் வேலை செய்யும் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக வளர்ந்திருந்தது. இயக்குநர்கள் அவரும் அவர் மனைவியும். மகன் பொறியியல் முடித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக உற்பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு விற்றுமுதல் 9.20 கோடி ரூபாய். வட்டி, தேய்மானம், வரி ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம் 1.30 கோடி. கடன் என்று இருந்தது 1.20 கோடி சிசி வரம்பு, அதாவது தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கிக் கடன், மட்டும்தான். அதற்கு நிறுவனரின் மனை ஒன்று அடமானத்தில் இருந்தது. விற்பனையில் ஐந்தில் மூன்று பங்கு ஒரே வாடிக்கையாளருக்குப் போனது: ஹைட்ராலிக் பம்ப் செய்யும் பெரிய நிறுவனம். இந்தக் கடைசி விவரத்தை அப்போது நாங்கள் யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை.

மார்ச் 2022: இரண்டு வாய்ப்புகள், ஒரே தொகை

பம்ப் நிறுவனம் கொள்முதலை ஏறத்தாழ இரட்டிப்பாக்க விரும்புவதாகக் கடிதம் அனுப்பியது. அதே மாதம், விமான உதிரிபாகங்களை ஏற்றுமதி செய்யும் பெங்களூர் நிறுவனம் ஒன்று மகனை அழைத்துப் பேசியது. விமானத் துறைக்கான ஏஎஸ் 9100 தரச்சான்று வாங்கி, முதல் மாதிரித் துண்டுகள் தேறிவிட்டால் தொடர்ந்து வேலை தரலாம் என்றார்கள். சான்றுக்கும் மாதிரி ஒப்புதலுக்கும் 18 மாதம் ஆகும் என்று மகன் கணக்கிட்டார்.

இரண்டையும் சேர்த்துத் தேவையை 6 கோடி என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். பம்ப் வேலைக்கான, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்கள் 1.60 கோடி. ஐந்து அச்சுகளில் வெட்டும் ஃபைவ் ஆக்சிஸ் இயந்திரம், சிஎம்எம் எனப்படும் அளவிடும் இயந்திரம், குளிரூட்டிய அளவீட்டு அறை, சான்றுச் செலவு எல்லாம் சேர்த்து 2.90 கோடி. விமான வேலை வருமானம் தரும் வரை அதற்கான ஆட்களின் சம்பளமும் சோதனைச் செலவும் 50 லட்சம். தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான நடைமுறை மூலதனம் 1 கோடி. நானும் அந்த 6 கோடியை ஒரே தொகையாகவே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். முதல் பிழை அதுதான், அது என்னுடையது.

கைக்கு வந்த இரண்டு தாள்கள்

ஏப்ரலில் வங்கி 4.50 கோடி டேர்ம் லோன் தர முன்வந்தது. மீதி 1.50 கோடி நிறுவனர் போட வேண்டிய மார்ஜின். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்தோடு இணைந்த மாறும் வட்டி. ரெப்போ அப்போது 4.00 சதவீதம், அதன்மேல் 4.75 சேர்த்து 8.75. முதல் ஓராண்டு வட்டி மட்டும் கட்டினால் போதும், அதன்பின் 60 மாதத் தவணை. ஈடாக இயந்திரங்களும், கூடவே ஒரு வீடும் கேட்டார்கள். சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியமான சிஜிடிஎம்எஸ்இயின் உச்சவரம்பு அப்போது 2 கோடிதான் என்பதால் 4.50 கோடிக்கு அது கைகொடுக்கவில்லை. நிறுவனரின் சொந்த வீடு பி காத்தா. பெங்களூரில் சொத்து வைத்திருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: வரி கட்டியிருப்பார்கள், குடியிருப்பார்கள், ஆனால் மாநகராட்சியின் முறையான பதிவேட்டில் அந்தச் சொத்து இருக்காது, அதை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்கும். இங்கும் மறுத்துவிட்டார்கள். ஏ காத்தா உள்ள வீடு குடும்பத்தில் ஒன்றே ஒன்று: ஸ்ரீராமபுரத்தில் அக்காவின் வீடு. அவர் கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கீழ்த்தளத்தின் இரண்டு கடை வாடகையில்தான் அவர் வாழ்கிறார்.

மே மாதம் இன்னொரு தாள் வந்தது. ஒரு முதலீட்டு நிதி 4 கோடி தந்து 30 சதவீதப் பங்கு கேட்டது. கட்டாயமாகச் சாதாரணப் பங்குகளாக மாறும் முன்னுரிமைப் பங்குகள், இயக்குநர் குழுவில் ஓர் இடம், நிதியின் ஒப்புதல் இல்லாமல் செய்யக்கூடாதவை என்று 22 விஷயங்கள். அவற்றில் ஒன்று, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளத்தில் யாரையும் வேலைக்கு எடுப்பது. பதினேழாம் பக்கத்தில் இருந்ததுதான் முக்கியம்: ஐந்து ஆண்டுகளில் நிதி வெளியேற வழி ஏற்படாவிட்டால், ஆண்டுக்கு 18 சதவீதக் கூட்டு வருவாயோடு பங்குகளை நிறுவனர் தம் சொந்தப் பணத்தில் திரும்ப வாங்க வேண்டும். 4 கோடி ஐந்தே ஆண்டுகளில் 9.15 கோடி ஆகும். பெயர் பங்குதான். தொழில் விழுந்தால் அதுவே 18 சதவீதக் கடன்.

வீட்டுக்குள் இரண்டு கட்சிகள். நிறுவனர் கடன் பக்கம். அவர் கணக்கு தவறில்லை: வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், நிறுவனத்தின் வரி விகிதம் 25.168 சதவீதம், ஆகவே 8.75 வட்டியின் உண்மைச் சுமை 6.55தான். மகன் பங்கு பக்கம். "பங்குக்குத் தவணை கிடையாது, அப்பா. லாபம் வந்தால்தானே பங்கு கேட்பார்கள்" என்றார். அதுவும் தவறில்லை. ஆனால் வட்டியால் வரி மிச்சமாவது லாபம் இருக்கும் ஆண்டில் மட்டும்தான். பங்கோ, தொழில் நன்றாக வளர்ந்தால் எல்லாவற்றையும்விட விலை கூடிய பணம். மோதிலியானி, மில்லர் என்ற இரு பொருளியலாளர்கள் 1958இல் ஒரு வாதத்தை முன்வைத்தார்கள்: வரி, திவால் செலவு போன்றவை இல்லாத உலகத்தில், கடனும் பங்கும் எந்த விகிதத்தில் கலந்தாலும் நிறுவனத்தின் மதிப்பு மாறாது. பீனியாவில் வரியும் உண்டு, திவாலும் உண்டு, அக்காவின் வீடும் உண்டு.

ஜூன் 12: அக்கா கேட்டது

கையெழுத்து வேண்டும் என்பதால் எல்லோரும் ஸ்ரீராமபுரத்தில் கூடினோம். ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் ரிசர்வ் வங்கி இரண்டு முறை ரெப்போவை உயர்த்தி 4.90க்குக் கொண்டுவந்திருந்தது, 8.75 என்ற எண் 9.65 ஆகியிருந்தது. நிறுவனர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா சதவீதம் எதையும் கேட்கவில்லை. "தம்பி, கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை மாதம் கட்டாமல் விட்டால் வீட்டுக்கு வருவார்கள்?" என்று கேட்டார்.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கடன் வாராக்கடன் ஆகும் என்றேன். பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ், அதற்குப் பிறகு சொத்தைக் கையகப்படுத்தலாம்.

"அப்படியானால் ஐந்து மாதம். நீங்கள் சொல்கிற விமானச் சாமான் எப்போது காசு தரும்?"

பதினெட்டு மாதம் என்றார் மகன். அதன்பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

எது மலிவு என்று மூன்று மாதமாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். பணம் எப்போது திரும்பக் கேட்கப்படும், அதைக் கொடுக்கப்போகும் வருமானம் எப்போது வரும் என்ற இரண்டு தேதிகளை நான் எந்த அட்டவணையிலும் எதிரெதிரே வைத்திருக்கவில்லை. அன்று கையெழுத்து நடக்கவில்லை.

6 கோடியைப் பிரித்தபோது தெரிந்தவை

அடுத்த மூன்று வாரத்தில் ஒவ்வொரு செலவையும் அதற்குரிய வருமானத்தின் தேதியோடு மீண்டும் எழுதினோம்.

முதலில் அதிர்ச்சி தந்தது நடைமுறை மூலதனம். விற்பனைப் பில்களுக்குச் சராசரியாக 96 நாளில் பணம் வந்துகொண்டிருந்தது. அந்த விற்றுமுதலில் அது 2.42 கோடி. 60 நாளாகக் குறைத்தால் 1.51 கோடி. கேட்ட 1 கோடியில் 90 லட்சம் நம்முடைய பணமாகவே வாடிக்கையாளர்களிடம் கிடந்தது. 2006ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டம், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது. தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டியும் உண்டு. விற்பனையில் ஐந்தில் மூன்று பங்கு வாங்குகிறவரிடம் போய் அந்தச் சட்டப்பிரிவை நீட்ட எவருக்கும் துணிவு வராது. ஆனால் அந்த வாடிக்கையாளர் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர், ஆகவே, சிறு நிறுவனங்களின் பில்களைத் தள்ளுபடி செய்து வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் டிரெட்ஸ் என்ற மின்தளத்தில், அப்போதைய விதிப்படி பதிவு செய்தே ஆக வேண்டியவர். பதிவும் செய்திருந்தார். எங்கள் பில்களை அதில் ஏற்றிக்கொள்ளும்படி யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பம்ப் இயந்திரங்களின் கணக்கு தெளிவாக இருந்தது. ஆர்டர் கையில் இருக்கிறது, வேலை தெரிந்த வேலை, இயந்திரத்தை விற்றாலும் ஓரளவு பணம் கிடைக்கும்.

விமான வேலை இதற்கு நேர் எதிர். சான்று, பயிற்சி, தேறாத மாதிரிகள் எல்லாம் போனால் போனதுதான். விற்றுப் பணமாக்க எதுவும் இல்லை. வங்கியின் மதிப்பீட்டில், கடன் தவணையைத் தாங்கும் விகிதம், அதாவது கட்ட வேண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கையில் எத்தனை ரூபாய் வரும் என்ற கணக்கு, 1.6க்கு மேல் இருந்தது. 2023-24 முதல் விமான வேலையின் வருமானம் வரும் என்று நாங்களே எழுதிக்கொடுத்ததால் வந்த எண் அது. அந்த வருமானத்தை எடுத்துவிட்டுப் போட்டால் 1.14. பம்ப் ஆர்டர் சற்றுச் சறுக்கினாலும் ஒன்றுக்குக் கீழே போய்விடும்.

எடுத்த முடிவுகள்

பம்ப் இயந்திரங்களுக்குக் கடன். 1.60 கோடியில் 1.20 கோடி டேர்ம் லோன், 40 லட்சம் கையிருப்பு. 2 கோடிக்குள் இருந்ததால் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதம் கிடைத்தது. வீடு அடமானம் தேவைப்படவில்லை. நிறுவனரும் மனைவியும் சொந்த ஜாமீன் மட்டும் போட்டார்கள்.

நடைமுறை மூலதனத்துக்குக் கடனும் இல்லை, பங்கும் இல்லை: டிரெட்ஸ். அதில் பில்லைத் தள்ளுபடி செய்து பணம் தரும் வங்கி, வாங்கியவர் கட்டாவிட்டால் நம்மிடம் திரும்பி வராது. சிசி கடனில் அந்த நிம்மதி கிடையாது.

விமான வேலைக்குப் பங்கு, ஆனால் சுருக்கிய அளவில். ஃபைவ் ஆக்சிஸ் இயந்திரத்தை வாங்குவதைத் தள்ளிப்போட்டோம். மாதிரித் துண்டுகளைப் பக்கத்துப் பட்டறையின் இயந்திரத்தில் மணிக்கூலிக்குச் செய்வது, சிஎம்எம்மும் சான்றும் மட்டும் நம்முடையது என்று ஏற்பாடு. மகனுக்கு இதில் கடும் வருத்தம். தேவை 3.40 கோடியிலிருந்து 1.10 கோடியாக இறங்கியது.

நிதியோடு இன்னொரு முறை பேசினோம். 22 விஷயங்களை 14 ஆகக் குறைத்தார்கள். 18 சதவீத விதியை விடவில்லை. மரியாதையாக விலகினோம். நிறுவனத்தின் மதிப்பை 8.90 கோடி என்று வைத்து, புதுப் பணத்தோடு 10 கோடியில், இருவருக்குப் பங்கு கொடுத்தோம். விமானத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழ்ப் பொறியாளர் ஒருவர் 70 லட்சம், 7 சதவீதம். ஓசூரில் லாரித் தொழில் நடத்தும் நிறுவனரின் மைத்துனர் 40 லட்சம், 4 சதவீதம். திரும்ப வாங்கும் கட்டாயம் எதுவும் இல்லை. பொறியாளர் வியாழக்கிழமைகளில் வந்து வரைபடங்களைப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குக் கூலி கேட்கவில்லை.

நடுவில் ஒரு தடுமாற்றம்

மைத்துனர் நல்ல மனத்தோடு, எந்தத் தீர்மானமும் நிறைவேறுமுன் 40 லட்சத்தை நிறுவனத்தின் வழக்கமான கணக்கில் போட்டுவிட்டார். கம்பெனிச் சட்டத்தின் 42ஆம் பிரிவு இதற்கு இடம் தருவதில்லை. முதலில் சிறப்புத் தீர்மானமும் சலுகைக் கடிதமும், பிறகு தனி வங்கிக் கணக்கில் பணம், 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கீடு, ஒதுக்கீட்டு அறிக்கை தாக்கலாகும் வரை அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. நாங்கள் கவனிப்பதற்குள் அதில் 6 லட்சம் கச்சாப்பொருளுக்குப் போயிருந்தது. முழுத் தொகையையும் திருப்பி அனுப்பி, முறைப்படி மீண்டும் வாங்கினோம். "என் பணத்தையே எனக்கு அனுப்புகிறீர்களா, மாமா?" என்று அவர் இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். உறவுக்குள் பங்கு கொடுக்கிறவர்கள், பணம் வருவதற்கு முன்பே இந்த வரிசையை விளக்கிவிடுவது நல்லது.

பின்னர் நடந்தது

கடன் 2022 ஆகஸ்டில் வந்தபோது வட்டி 10.15. ரிசர்வ் வங்கி உயர்த்திக்கொண்டே போய், 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.50 ஆனது, எங்கள் வட்டி 11.25. 1.20 கோடிக்கு அது தாங்கக்கூடிய வலி.

2023 அக்டோபரிலிருந்து ஆறு மாதம் பம்ப் நிறுவனத்தின் ஆர்டர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவர்களுடைய ஏற்றுமதி தளர்ந்ததே காரணம். டிசம்பரில், சம்பளமும் சிசி வட்டியும் போகத் தவணைக்கு மிஞ்சியது 4.80 லட்சம். கட்ட வேண்டியது ஏறத்தாழ 3 லட்சம். கட்டினோம். 4.50 கோடிக் கடன் வாங்கியிருந்தால் அந்த மாதத் தவணை வட்டியோடு 11 லட்சத்தைத் தாண்டியிருக்கும். மகன் இதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. சொந்த ஃபைவ் ஆக்சிஸ் இருந்திருந்தால் வெளிவேலை பிடித்து ஓட்டியிருப்பேன் என்கிறார். ஓரளவு ஓட்டியிருக்கலாம். மாதம் 6 லட்சத்துக்கு மேல் ஓட்டியிருக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

விமான வேலை எல்லாக் கணக்கையும் மீறித் தாமதமானது. ஏஎஸ் 9100 சான்று ஒன்பது மாதம் பிந்தி 2023 நவம்பரில் கிடைத்தது. முதல் மாதிரித் தொகுதி நிராகரிக்கப்பட்டது. அளவில் குறை இல்லை. அலுமினியம் எந்த உலைத் தொகுதியில் உருவானது என்று காட்டும் சான்றின் எண்ணும் துண்டில் பொறித்த எண்ணும் பொருந்தவில்லை. பீனியாவில் இருபது ஆண்டுகளாகக் கச்சாப்பொருளை அடுக்கிவைத்த பழக்கத்தை மாற்ற மேலும் ஐந்து மாதம் பிடித்தது. முதல் தொடர் ஆர்டர் 2025 ஜனவரியில் வந்தது. 18 மாதம் என்றது 30 மாதம் ஆனது. அந்த 30 மாதமும் பொறுத்திருந்தது பங்குப் பணம்.

டிரெட்ஸ் நன்றாகவே வேலை செய்தது. இன்னொரு உதவி எதிர்பாராமல் வந்தது. வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவு 2023-24 கணக்காண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டக் கெடுவைத் தாண்டிக் கட்டாமல் வைத்திருக்கும் தொகையை, வாங்கியவர் அதை உண்மையில் கட்டும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம். எங்கள் சின்ன வாடிக்கையாளர்கள் சிலர் வாழ்நாளில் முதல்முறையாக மார்ச் மாதம் தாமாகவே தொலைபேசியில் அழைத்தார்கள். ஒருவர் மட்டும் ஆர்டரைப் பதிவில்லாத வேறு பட்டறைக்கு மாற்றிக்கொண்டார்.

2024-25இல் விற்றுமுதல் 13.10 கோடி. அதில் விமான வேலை வெறும் 40 லட்சம். 2025 ஜூன் மாதத்துக்குப் பிறகு, ரெப்போ 5.50க்கு இறங்கி, சிஜிடிஎம்எஸ்இ வரம்பு 10 கோடியாக உயர்ந்திருந்த நிலையில், ஃபைவ் ஆக்சிஸ் இயந்திரத்தைக் கடனில் வாங்கினார்கள். ஆர்டர் கையில் இருந்தது, மாதிரி தேறியிருந்தது. இந்த முறை யார் வீட்டுக்கும் கையெழுத்துக்காகப் போக வேண்டியிருக்கவில்லை.

இன்று செய்தால் மாற்றுவது

தேவையை முதல் நாளிலேயே பிரித்திருப்பேன். மூன்று மாதம் வீணாயிற்று, வட்டி உயர்ந்த மூன்று மாதம் அது. ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருந்ததைக் கடன் முடிவுக்கு முன்பே ஓர் எண்ணாக எழுதிவைத்திருப்பேன்: ஆர்டர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் தவணை கட்ட முடியுமா? நல்லவேளை, கடன் சிறியதாக இருந்தது. நாங்கள் அதைக் கணித்து அல்ல.

பெரிய தவறு வேறு இடத்தில் நடந்தது. நிதியின் 18 சதவீத விதியை வெறுத்த வேகத்தில், பொறியாளரோடு செய்த ஒப்பந்தத்தில் வெளியேறும் வழி எதையுமே நான் எழுதவில்லை. பொறுத்திருக்கும் பணம் என்று பாராட்டிக்கொண்டிருந்தேன், அது எத்தனை ஆண்டு பொறுக்கும் என்று அவரிடம் கேட்கவில்லை. 2025 தொடக்கத்தில் அவர் வீட்டில் பெரிய மருத்துவச் செலவு வந்தது. பங்கை விற்க விரும்பினார். வாங்க யாரும் இல்லை. நிறுவனமே திரும்ப வாங்கலாம் என்றால், 2024 அக்டோபர் 1 முதல் அப்போது நடப்பில் இருந்த விதிப்படி, அப்படி வாங்கும் தொகை முழுவதும் பங்குதாரர் கையில் ஈவுத்தொகையாக வரிக்கு உட்பட்டிருந்தது. அவர் போட்ட முதலைக்கூட அதில் கழிக்க முடியாத நிலை. விலையிலும் பிணக்கு. விமான ஆர்டர் வந்துவிட்டது, நிறுவனம் 16 கோடி பெறும் என்றார் அவர். வந்த பணம் 40 லட்சம்தானே என்றார் நிறுவனர். இருவரிடமும் நியாயம் இருந்தது, இருவருக்கும் பொதுவான அளவுகோல் ஒப்பந்தத்தில் இல்லை. ஆறு மாதம் இழுத்து, 12 கோடி மதிப்பில் அவருடைய பாதிப் பங்கை, 3.5 சதவீதத்தை, மைத்துனர் 42 லட்சத்துக்கு வாங்கினார். மருத்துவமனைக்குப் பணம் தேவைப்பட்ட மாதங்கள் அதற்குள் கடந்துபோயிருந்தன.

இப்போது நான் எழுதும் பங்கு ஒப்பந்தங்களில், எத்தனை ஆண்டுக்குப் பின் விற்கலாம், விலையைப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் எந்த முறையில் கணிப்பார், முதலில் வாங்கும் உரிமை யாருக்கு, அவசரத் தேவை வந்தால் எவ்வளவு பகுதியை முன்கூட்டியே விற்கலாம் என்று ஒரு பக்கம் இருக்கிறது. வருவாய்க்கு உத்தரவாதம் எதுவும் அதில் இல்லை. பொறியாளர் மீதிப் பங்கை இன்னும் வைத்திருக்கிறார். வியாழக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார்.